நாம் வந்த வழி

பழவங்காடிப் பிள்ளையாரை அறியாத தமிழ்க் குடும்பம் திருவனந்தபுரத்தில் இல்லை. புதுக்கடை திறப்பவரும், தேர்வு எழுதப் புறப்படும் மாணவரும், ஊருக்குப் பயணப்படும் முதியோரும் அவர் திருமுன் ஒரு தேங்காயைச் சிதறவிட்ட பின்னரே மேற்செல்வர். கிழக்கேகோட்டை வாயிலில் நாள்தோறும் எழும் அவ்வோசையைக் கேட்டே வளர்ந்தவர் நம்மிற் பலர்.

அண்மையில் நம் சங்கத்துச் சிறுவன் ஒருவன் அக்கோயில் வாயிலில் என் கையைப் பற்றிக்கொண்டு ஒரு வினா எழுப்பினான். “தாத்தா, என்னோடு படிக்கும் பையன்கள் என்னைப் பாண்டி என்கிறார்கள். நாம் எங்கிருந்து இங்கே வந்தோம்? ஏன் வந்தோம்?” என்றான். உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. நின்று சொல்லிவிடக் கூடிய விடையன்று அது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை ஆண்டு விழா மலர் வாயிலாக நம் பிள்ளைகள் அனைவர்க்கும் சொல்லலாம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் அப்பிள்ளையாரின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அவரும் இவ்வூரிலேயே தோன்றியவர் அல்லர். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரமாக இருந்த காலத்தில், அங்குள்ள கோட்டையைக் காத்த படைவீரர்கள் வழிபட்ட கணபதி அவர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தர்மராஜா எனப் போற்றப்பெறும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் ஆட்சியில், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. படையும் உடன் மாறியது. வீரர்கள் தம் கணபதியை விட்டுவர மனமின்றி உடன்கொண்டு வந்தனர். திருவிதாங்கூர்ப் படை இந்தியப் படையோடு இணைந்த பின்னர், இன்றும் அக்கோயிலைப் பேணி வருவோர் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த படைவீரரே. ஆகவே தம்பி, உன்னையும் என்னையும் போலவே பிள்ளையாரும் தெற்கேயிருந்து இச்சாலை வழியே வந்தவர்தாம்!

அங்காடியும் சாலையும்

பழவங்காடி என்னும் பெயர் பழைய அங்காடி எனப் பொருள்படும். அங்காடி என்பது பண்டைத் தமிழ்ச் சொல். பகலில் நடப்பது நாளங்காடி; இரவில் நடப்பது அல்லங்காடி. தமிழகத்துப் பேச்சு வழக்கில் அச்சொல் அருகிவிட, மலையாள மண்ணிலே அஃது இன்றும் மக்கள் நாவில் வாழ்கின்றது. இருமொழிக்கும் உள்ள உறவு எத்துணை நெருங்கியது என்பதற்கு இப்பெயரே சான்று.

பழவங்காடியினின்று சிறிது நடந்தால் சாலைக் கடைத்தெரு. இன்று நாம் பெருவழியைச் சாலை என்கிறோம். இந்நகரிலோ சாலை என்றாலே கடைத்தெருதான் நினைவுக்கு வரும். பண்டைக் காலத்தில் அச்சொல் கல்வியும் உணவும் ஈந்த நிலையத்தைக் குறித்தது. சோழப் பேரரசன் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் காந்தளூர்ச் சாலையில் அவன் பெற்ற வெற்றியைச் சிறப்பாகக் கூறுகின்றன. சாலைக் கடைத்தெருவை அடுத்துள்ள வலியசாலையே அக்காந்தளூர்ச் சாலை என்பது அறிஞர் பலரின் கருத்து. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கர்க்கு ஒரு சாலை அமைத்தான். அதற்குக் காந்தளூர்ச் சாலையையே முன்மாதிரியாகக் கொண்டான் எனச் செப்பேடு கூறுகின்றது. முஞ்சிறை இன்று தமிழ்நாட்டில் உள்ளது. வலியசாலை கேரளத்தில் உள்ளது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே ஓரிடத்துக் கல்விமுறை மற்றோரிடத்துக்குச் செல்ல இவ்விரண்டுக்கும் இடையே வழி இருந்தது என்பது இதனால் விளங்கும்.

வழியின் இயல்பு

திருவனந்தபுரத்தினின்று குமரிமுனை வரை இப்பெருவழி ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளம் உடையது. நீளம் சிறிதே எனினும், இது காட்டும் நிலவேறுபாடு பெரிது. கிள்ளியாற்றையும் கரமனையாற்றையும் கடந்தால், செம்மண் மேடுகளும் அவற்றின் சரிவுகளில் தென்னையும் மரவள்ளியும் தோன்றும். பாலராமபுரம் கடந்து, நெய்யாற்றின் கரையில் அமைந்தமையால் அப்பெயர் பெற்ற நெய்யாற்றின்கரையை அடைவோம். பின்னர்ப் பாறசாலை, களியக்காவிளை. குழித்துறையில் மற்றோர் ஆற்றைக் கடந்தால் மார்த்தாண்டம். தொடுவெட்டி என்பது அவ்வூரின் பழம்பெயர். வாழைக்கும் தேனுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. 1920-களில் அங்கே அமைந்த ஒய்.எம்.சி.ஏ. கிராம நிலையம் உழவர்க்குத் தேனீ வளர்ப்பைப் பயிற்றியது. மார்த்தாண்டத் தேனின் புகழுக்கு அதுவே வித்து.

அதற்கப்பால் வேளிமலை கண்ணுக்குத் தெரியும். தக்கலையில் பீர்முகம்மது அப்பா என்னும் மெய்ஞ்ஞானப் புலவரின் அடக்கத்தலம் உள்ளது. அருகே பத்மநாபபுரத்து மர அரண்மனையும், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையும் உள்ளன. 1741-இல் குளச்சற் போரில் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டுப் பின்னர் அவர்தம் படைத்தலைவராகவே உயர்ந்த டச்சு வீரர் டிலனாய், 1777-இல் மறைந்து, அக்கோட்டைக்குள்ளே அடக்கமாயினார். அவர் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியர் ஒருவர்க்குத் திருவிதாங்கூர் மன்னரின் கோட்டைக்குள் எழுப்பிய கல்லில் தமிழ் இடம் பெற்றது என்பது நாம் மறவாது எண்ணத்தக்கது.

நாகர்கோவிலை நெருங்கினால் குளங்களும் வயல்களும் நிறைந்த நாஞ்சில் நாடு. அதன் கிழக்கு வாயில் ஆரல்வாய்மொழிக் கணவாய். திருநெல்வேலிச் சீமைக்கும் திருவிதாங்கூருக்கும் அதுவே கதவு. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயை ஒடுக்க வந்த ஆங்கிலப் படை அங்கிருந்த அரணை உடைத்துக்கொண்டே உள்ளே புகுந்தது. படை புகுந்த அவ்வழியே ஆண்டுதோறும் பெருங்காற்றும் புகுகின்றது. இன்று அங்கே காற்றாலைகள் சுழல்கின்றன.

யார் வந்தனர், எதைக் கொணர்ந்தனர்

புதிய தலைநகருக்கு உணவு வேண்டும், உடை வேண்டும், கணக்கு எழுதுவோர் வேண்டும். திவான் இராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை அமைத்து, வணிகரை அங்கே குடியேறச் செய்தார். நாஞ்சில் நாட்டு நெல்லும், விளவங்கோட்டுப் பனங்கருப்பட்டியும் மாட்டு வண்டிகளில் வடக்கே வந்தன. தோவாளைப் பூக்கள் இன்றும் இந்நகரத்துப் பூக்கடைகட்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஓணத் திருநாளில் இங்குள்ள முற்றங்களில் மலரும் பூக்கோலத்தில் தோவாளைத் தமிழரின் உழைப்பும் கலந்துள்ளது.

பொருளோடு மக்களும் வந்தனர். வணிகர் சாலையிலும், அந்தணர் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் குடியமர்ந்தனர். பாலராமவர்மர் ஆட்சியில் (1798–1810) நெல்லைப் பகுதியினின்று சாலிய நெசவாளர் வரவழைக்கப்பெற்று, மன்னர் பெயரால் அமைந்த பாலராமபுரத்தில் குடியேற்றப்பட்டனர். கேரளத்தின் அடையாளம் எனப் போற்றப்படும் பாலராமபுரக் கைத்தறியை நெய்த கைகள் இவ்வழியே வந்த தமிழ்க் கைகளே.

சங்கத்தார் அனைவரும் இவ்வொரு வழியே வந்தவர் என்று நான் கூறவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே வந்தோரும் உளர். 1904-இல் அக்கணவாயின் ஊடே கொல்லத்துக்கு இருப்புப்பாதை வந்த பின்னர், அதன் வழியே மதுரை, தஞ்சைப் பகுதிகளினின்று வந்தோரும் பலர். எனினும் முதலில் வந்து தங்கி, பின்வந்தோர்க்கு இடம் அமைத்தவர்களிற் பெரும்பாலோர் தென்வழியே வந்தவராவர்.

நடக்கும் உரிமை

பெருமையை மட்டும் சொல்லி முடித்தால் அது வரலாறு ஆகாது. இவ்வழி எல்லார்க்கும் உரிய வழியாக எப்போதும் இருந்ததன்று. பிறப்பினால் தாழ்த்தப்பட்டோர் பொதுவழியில் நடத்தல் ஆகாது. மேலாடை அணிதல் ஆகாது. கூலியின்றிச் சுமை சுமக்க வேண்டும். இது திருவிதாங்கூரின் வழக்கமாயிருந்தது. வழியோரத்துச் சுமைதாங்கிக் கற்களைக் கண்டு நம் முன்னோரின் அறத்தை வியக்கின்றோம். அக்கற்களில் இறக்கி வைத்த சுமைகளில் எத்தனை ஊதியமற்ற ஊழியச் சுமைகள் என்பதையும் எண்ண வேண்டும்.

1830-களின் பிற்பகுதியில் சாமித்தோப்பு ஐயா வைகுண்டர் இக்கொடுமைகளை எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காகத் தெற்கேயிருந்து திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டுச் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். தென்னாட்டுப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் நடத்திய நெடும்போராட்டத்தின் பயனாக 1859-இல் அரசாணை பிறந்தது. 1893-இல் வெங்கானூரில் அய்யன்காளி வில்வண்டி பூட்டிப் பொதுவழியில் ஓட்டினார். பின்னர் அவர் தலைமையில் நடந்து வந்தோர், இப்பெருவழியிலுள்ள பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் தாக்கப்பட்டனர். அவர்களும் அஞ்சாது எதிர்த்து நின்றனர். 1936 நவம்பர் 12-ஆம் நாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது.

சாதிக் கொடுமை மலையாளியினது, தமிழனுக்கு அதில் பங்கில்லை என்று நாம் தப்பித்தல் இயலாது. இருமொழியாரும் அதனைக் காத்தனர். இருமொழியாரும் அதனால் துன்புற்றனர். இருமொழியாருமே எழுந்து அதனை உடைத்தனர். இன்று நம் பிள்ளைகள் அச்சமின்றி நடக்கும் இவ்வழியை அரசர் மட்டும் அமைக்கவில்லை. அடிபட்டும் நடந்தவர்களே இதனைப் பொதுவழி ஆக்கினர்.

பேருந்தும் எல்லைக்கோடும்

1930-களில் திருவனந்தபுரம்–குமரிப் பாதைக்குச் சிமெண்ட் கான்கிரீட் தளம் இடப்பெற்றது. 1938 பிப்ரவரி 20-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மன்னர் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். இலண்டன் நகரப் போக்குவரத்தில் பணியாற்றிய சால்டர் என்பார் அதன் பொறுப்பேற்றார். வண்டியில் ஓர் இரவெல்லாம் கழிந்த பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1979-இல்தான். அதுவரை திருமணம், சாவு, அறுவடை, திருவிழா ஆகிய அனைத்துக்கும் நம் குடும்பங்கள் இச்சாலையையே நம்பியிருந்தன.

என் பாட்டனார் வடசேரியினர். சாலையில் மளிகைக்கடை வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் மஞ்சட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நாட்டுக்குப் போயிட்டு வாறேன்” என்று பாட்டியிடம் சொல்லிப் புறப்படுவார். நாடு என்றால் அவருக்கு நாஞ்சில் நாடு. வாழ்ந்த நகரத்தையும் அவர் அயல்நாடு என்று கருதியதில்லை. ஒரே அரசு, ஒரே நாணயம், ஒரே சாலை.

பிறகு எல்லைக்கோடு வந்தது. மொழிவழி மாநிலம் அமைய வேண்டும் என்னும் எண்ணம் நாடெங்கும் வலுத்தபோது, தென் திருவிதாங்கூர்த் தமிழரும் தாய்த்தமிழகத்தோடு இணைய வேண்டினர். நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தினர். 1954 ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் எல்லை அமைந்தது. சோதனைச் சாவடி எழுந்தது.

தென்கோடியில் அந்நாள் திருநாள். அது நியாயமான திருநாளுங்கூட. வடகோடியில் இருந்த நம்மவரின் நிலை வேறு. உறவினர் அனைவரும் எல்லைக்கு அப்பால்; கடையும் வீடும் வேலையும் எல்லைக்கு இப்பால். ஒரே நாட்டின் குடிகளாக நடந்து வந்தவர்கள், நின்ற இடத்திலேயே சிறுபான்மையர் ஆயினர். யாரும் நம்மை வெளியேற்றவில்லை. நாமும் எங்கும் பெயரவில்லை. எல்லைதான் பெயர்ந்தது. சிறுவன் கேட்ட வினாவின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

அறுபடாத இழை

பிரிவினையால் எல்லாம் அறுந்துவிட்டதா எனில், இல்லை. பத்மநாபபுரத்து அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கின்றது. அதனைப் பேணி வருவது கேரளத் தொல்பொருள் துறை. இதனினும் சிறந்த சான்று ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டுச் சரசுவதி யானைமீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலுமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அரண்மனையில் உடைவாள் கையளிக்கப்பெறும். முதல் இரவு குழித்துறையிலும் மறு இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் நகரை அடைவர். களியக்காவிளையில் கேரள அரசு வரவேற்பு அளிக்கும். இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செலுத்துவர். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குவர். விழா முடிந்ததும் வந்த வழியே திரும்புவர். தமிழ்க் கலைமகள் ஆண்டுக்கு ஒருமுறை எல்லை கடந்து வந்து நம்மைக் கண்டு செல்கின்றாள் என்றே நான் அதனைக் காண்கின்றேன்.

அவள் வருவது மொழியற்ற ஊருக்கு அன்று. ‘மனோன்மணீயம்’ இயற்றிய சுந்தரம் பிள்ளை இந்நகரில் பேராசிரியராக இருந்தவர். திருவிதாங்கூரின் பண்டை மன்னர் வரலாற்றைக் கல்வெட்டுகளைக் கொண்டு ஆராய்ந்தவர். தேரூரிற் பிறந்த கவிமணி இங்கே ஆசிரியப்பணி ஆற்றினார். ஆ. மாதவன் சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் எளிய மக்களைக் கதைகளாக்கினார். 2015-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். இந்நகரிற் பிறந்த நீல பத்மநாபன் இரணியலைக் களமாகக் கொண்டு ‘தலைமுறைகள்’ நாவலைத் தந்தார். இச்சாலையின் இரு முனைகளையும் அறிந்தமையால் தமிழுக்குக் கிடைத்த செல்வங்கள் இவை.

இன்று செய்ய வேண்டுவது

சேலத்தினின்று குமரி வரை 47 எனப் பல்லாண்டு வழங்கிய தேசிய நெடுஞ்சாலையின் இப்பகுதி, 2010-இல் 66 என எண் மாறியது. மும்பைக்கு அருகேயுள்ள பன்வேலினின்று மேற்குக் கடற்கரை நெடுக வரும் பெருவழியின் கடைசிப் பகுதியாக இஃது இன்று எண்ணப்படுகின்றது. கழக்கூட்டத்தினின்று எல்லையிலுள்ள காரோடு வரை புறவழிச்சாலை ஒன்றும் அமைந்துவிட்டது. அதில் விரைவோர் பாலராமபுரத்தையும் நெய்யாற்றின்கரையையும் காணாமலே கடந்துவிடலாம். விரைவு வேண்டியதுதான், குறை கூறவில்லை. ஆனால் புறவழியிலே மட்டும் சென்று வளரும் பிள்ளைக்குத் தான் வந்த வழி தெரியாமற் போகும் அன்றோ?

ஆகவே பெற்றோரை ஒன்று வேண்டுகின்றேன். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளைப் பழைய சாலை வழியே அழைத்துச் செல்லுங்கள். பாலராமபுரத்தில் தறியின் ஓசையைக் கேட்கச் செய்யுங்கள். அய்யன்காளியின் பெயரையும் அங்கேயே சொல்லுங்கள். களியக்காவிளையில் இறங்கி, ஒரு கடைப்பலகையில் மலையாளமும் அடுத்ததில் தமிழும் இருப்பதைக் காட்டுங்கள். உதயகிரியில் டிலனாய் கல்லறையின் தமிழெழுத்தைப் பிள்ளை தானே படிக்கட்டும். அதனைப் படிக்க இயலாவிடின், வீட்டில் தமிழ் கற்பிக்கும் கடமை நமக்கு எஞ்சியுள்ளது என்று உணர்வோம். அண்டை வீட்டு மலையாளப் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இது அவனுடைய வரலாறும் ஆகும்.

தம்பி, உன் வினாவுக்கு என் விடை இதுதான். நாம் அயல்நாட்டினின்று வந்தவர் அல்லர். ஒரு சாலையின் தென்கோடியினின்று வடகோடிக்கு வந்தவர். நெல்லும் பூவும் நூலும் கணக்கும் கொண்டு வந்தோம். இந்நகரம் எழுந்தபோது உடனிருந்து உழைத்தோம். உன்னைப் பாண்டி என்று அழைக்கும் தோழனிடம் சினவாதே. அவனைப் பழவங்காடிக்கு அழைத்து வந்து, அந்தப் பிள்ளையார் எங்கிருந்து வந்தார் என்று மட்டும் கேள்.